உண்டு... இல்லை... ஆர்.ஏ.சி.!

'செந்துறை, பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது' - சரியா, தவறா?

ஒரு மார்க் கேள்விதான். அவசரப்பட்டு டிக் அடித்துவிடாதீர்கள். 1995 வரை எங்கள் செந்துறை திருச்சி மாவட்டம். அந்த வருஷம் திருச்சியைப் பிரித்தபோது பெரம்பலூர் மாவட்டத்துக்குப் போனது. 2001 ஜனவரி 1-ம் தேதி அரியலூர் தனி மாவட்டமாயிற்று. செந்துறையும் அதோடு கிளம்பியது. பதினைந்தே மாதம். 2002 மார்ச் 31-ல் 'வேண்டாம், பழையபடியே இருங்கள்' என்று பெரம்பலூரோடு ஒட்டிவிட்டார்கள். 2007 நவம்பர் 23-ல் மறுபடியும் அரியலூர். இத்தனைக்கும் ஊர் இருந்த இடத்தில்தான் இருந்தது. முந்திரிக்காடு ஓரடிகூட நகரவில்லை. ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவர்களுக்கு மட்டும் நல்ல வியாபாரம்.

போதாக்குறைக்கு, திண்டுக்கல் மாவட்டத்தில் நத்தம் பக்கம் இன்னொரு செந்துறை இருக்கிறது!

ஆகவே, 'எந்தச் செந்துறை, எந்த வருஷம் என்று சொல்லுங்கள் ஸார். ஒரு வகையில் சரி, ஒரு வகையில் தவறு' என்று பரீட்சையில் எழுதினால் என்ன ஆகும்? வாத்தியார் சைபர் போடுவார். அதே விடைத்தாளை ஒரு சமணத் துறவியிடம் திருத்தக் கொடுத்துப் பாருங்கள். முழு மார்க்!

காரணம், ஸியாத்வாதம். 'ஸியாத்' என்றால் 'ஒரு வகையில்' என்று வைத்துக்கொள்ளலாம். எதைச் சொன்னாலும் முன்னால் இந்த வார்த்தையைப் போட்டுக்கொள் என்றார்கள் சமணர்கள். ஒரு வகையில் உண்டு. ஒரு வகையில் இல்லை. ஒரு வகையில் சொல்ல முடியாது. இந்த மூன்றையும் தனித்தனியாக, இரண்டிரண்டாக, மூன்றையும் சேர்த்து என்று எத்தனை தினுசாகக் கோக்கலாம்? 3+3+1, ஆக ஏழு. 'ஸப்தபங்கி' என்று பெயர். பிளஸ் டூவில் காம்பினேஷன் கணக்குப் போட்டவர்களுக்கு இந்த ஏழு எங்கிருந்து வந்தது என்று உடனே விளங்கிவிடும்.

இது ஏதோ சாமியார் சமாசாரம் என்று தள்ளிவிட வேண்டாம். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினாரே மஹலனோபிஸ், அவர் 1954-ல் புள்ளியியலின் அடிப்படைகளைப் பற்றி ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் எழுதியபோது, இந்த ஏழில் 'சொல்ல முடியாது' இருக்கிற இடத்தில்தான் இன்றைய நிகழ்தகவுக்கு வாசல் இருக்கிறது என்கிற மாதிரி வாதாடினார். 1957-ல் உயிரியல் மேதை ஹால்டேன் - இங்கிலாந்து வேண்டாம் என்று கல்கத்தாவுக்கே குடிவந்தவர் - 'சங்க்யா' இதழில் ஸியாத்வாதத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார்.

தமிழிலும் உண்டு. மணிமேகலையின் கடைசிக் காதையைப் புரட்டுங்கள். ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல நான்கு வழிகள் அங்கே சொல்லப்படுகின்றன: அடித்துச் சொல்வது, கூறு போட்டுச் சொல்வது, எதிர்க்கேள்வி போடுவது, வாயைத் திறக்காமல் இருப்பது. நம் ஆபீஸுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். 'இன்னிக்கு ஆபீஸ் உண்டா?' - உண்டு; முதல் வகை. 'இன்கிரிமென்ட் வருமா?' - பர்மனென்ட்டுக்கு வரும், டெம்பரவரிக்கு வராது, இரண்டாவது. 'கல்யாணச் சாப்பாடு எப்போ?' - யார் கல்யாணம் ஸார்? மூன்றாவது. 'சிகரெட்டை நிறுத்திட்டியா?' என்று பிறந்ததிலிருந்து சிகரெட்டே தொடாதவனைக் கேட்டால்? 'நிறுத்திட்டேன்' என்றாலும் வம்பு, 'நிறுத்தலை' என்றாலும் வம்பு. பேசாமல் இருக்கவேண்டியதுதான். நான்காவது! மௌனமும் ஒரு பதில்தான் என்று காப்பியத்தில் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார் சாத்தனார்.

★

ஐரோப்பாவில் விஷயம் வேறு. சரி, தவறு, இரண்டே பெட்டி, மூன்றாவது கிடையாது என்பது அரிஸ்டாட்டில் காலத்துச் சட்டம். ஆனால் அரிஸ்டாட்டிலுக்கே ஓர் இடத்தில் உதறல். 'நாளைக்குக் கடற்போர் நடக்கும்' என்ற வாக்கியம் இன்றைக்கு உண்மையா, பொய்யா? உண்மை என்றால் போர் நடந்தே தீரவேண்டும். பொய் என்றால் நடக்கவே முடியாது. எப்படிப் பார்த்தாலும் நாளைய தலையெழுத்து இன்றைக்கே முடிவாகிவிட்டது என்றாகிறதே! இதைக் கிளப்பிவிட்டு அவர் போய்விட்டார். இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷம் தத்துவக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

1920-ல் போலந்தில் யான் வூகஷேவிச் என்ற பேராசிரியர் துணிந்து மூன்றாவது பெட்டியைச் செய்துவைத்தார். (முந்தின வருஷம்தான் அந்த நாட்டுக் கல்வி மந்திரியாக இருந்தார். மந்திரி வேலையில் இருந்தவருக்கு 'ஆம்'முக்கும் 'இல்லை'க்கும் நடுவில் ஒன்று இருக்கிறது என்று தோன்றியதில் ஆச்சரியமே இல்லை!) உண்மைக்கு 1, பொய்க்கு 0, இன்னும் தீர்மானமாகாததற்கு ½.

இந்த ½ என்ன என்று புரியவைக்கப் பெரிய புத்தகம் எதுவும் தேவையில்லை. அரியலூரில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறுகிறவர்களைக் கேளுங்கள். கன்ஃபர்ம் ஆன டிக்கெட், 1. கேன்ஸல் ஆன டிக்கெட், 0. ஆர்.ஏ.சி.? ½! அதுவும் எப்படி, கச்சிதமான ½! ஓரத்துக் கீழ் பெர்த், இரண்டு பேர், ஆளுக்குப் பாதி. எதிரே உட்கார்ந்திருப்பவரின் முழங்காலும் உங்கள் முழங்காலும் இடித்துக்கொள்ளும். 'இன்றிரவு எனக்குப் படுக்கை கிடைக்கும்' என்ற உங்கள் வாக்கியம் உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. யாராவது வராமல் போகவேண்டும், டி.டி.ஆர். கண் திறக்கவேண்டும். வூகஷேவிச் ரயில்வேயில் வேலை பார்த்திருந்தால் 1920 வரை காத்திருந்திருக்கவே மாட்டார்.

கணக்கு சுலபம். 'மற்றும்' என்று சேர்த்தால் இரண்டில் சின்னது. 'அல்லது' என்றால் பெரியது. 'இல்லை' என்றால் 1-லிருந்து கழி. எனக்கும் பெர்த், மாமாவுக்கும் பெர்த் என்ற வாக்கியத்தில் எனக்கு ½, மாமாவுக்கு 1 என்றால் மொத்தம் ½. சரியாகத்தானே இருக்கிறது!

இங்கேதான் ஒரு வில்லங்கம். 'எனக்கு பெர்த் கிடைக்கும் அல்லது கிடைக்காது' - இதன் மதிப்பு என்ன? கிடைக்கும், ½. கிடைக்காது, 1 கழித்தல் ½, அதுவும் ½. இரண்டில் பெரியது ½. அதாவது, 'கிடைக்கும் அல்லது கிடைக்காது' என்பதே சந்தேகத்துக்குரியது என்கிறது சூத்திரம். என்ன ஸார் இது? ஒன்று கிடைக்கும், இல்லாவிட்டால் கிடைக்காது, இதிலென்ன சந்தேகம்! 'கிடைக்கும், ஆனால் கிடைக்காது' என்ற சுத்த உளறலுக்கும் அதே ½ கொடுக்கிறது. வூகஷேவிச்சை விமர்சித்தவர்கள் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். எனக்கும் இது நியாயமான புகாராகவே படுகிறது.

1966-ல் வான் ஃப்ராஸன் என்பவர் ஒரு வழி சொன்னார். சார்ட்டை இரண்டு விதமாகவும் மனசுக்குள் தயார் பண்ணிப் பார். ஒரு சார்ட்டில் பெர்த் கிடைக்கிறது, இன்னொன்றில் கிடைக்கவில்லை. எந்த வாக்கியம் இரண்டு சார்ட்டிலும் உண்மையோ அதை இப்போதே உண்மை என்று எடுத்துக்கொள். 'கிடைக்கும் அல்லது கிடைக்காது' பாஸாகிவிட்டது. 'கிடைக்கும்' மட்டும் பழையபடி தொங்கலில்.

(இன்னொரு தகவல். அடைப்புக்குறியே இல்லாமல் கணக்கு எழுதுகிற முறையையும் இந்த வூகஷேவிச்தான் கண்டுபிடித்தார். அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட முறையில்தான் ஃபைனான்ஸ்காரர்கள் விரும்பும் ஹெச்.பி.-12ஸி கால்குலேட்டர் வேலை செய்கிறது. ஈக்வல் பட்டனே இருக்காது. கடன் வாங்கிப் பார்த்துவிட்டு 'ரிப்பேர்' என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.)

மூன்று என்று ஆரம்பித்ததும் கதவு திறந்துகொண்டது. அமெரிக்காவில் எமில் போஸ்ட் 1921-லேயே 'மூன்றென்ன, எத்தனை வேண்டுமானாலும்' என்று காட்டினார். கணித மேதைகளுக்கு இது விளையாட்டுச் சாமானும் ஆயிற்று, ஆயுதமும் ஆயிற்று. ஓர் அடிப்படை விதியை மற்ற விதிகளிலிருந்து வரவழைக்க முடியாது என்று நிரூபிக்க, மூன்று நான்கு மதிப்புள்ள செயற்கை அட்டவணை ஒன்றைச் செய்து, மற்ற விதிகள் எல்லாம் அதில் ஓட, இந்த ஒன்று மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும்படி செய்வார்கள். பெர்னேய்ஸ் இதில் கில்லாடி. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1958-ல் 'சேதூன்' என்று ஒரு கம்ப்யூட்டரே செய்தார்கள்; அதற்கு 0, 1 கிடையாது. கழித்தல் 1, 0, கூட்டல் 1. சுமார் ஐம்பது மெஷின்கள் செய்தபின் கைவிட்டார்கள். விஷயம் செத்துவிட்டது என்று பார்த்தால், 2024-ல் மைக்ரோஸாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் செயற்கை அறிவு மாடல்களின் எடைகளை அதே மூன்று எண்களில் வைத்துக்கொண்டால் மின்சாரமும் மெமரியும் மிச்சம் என்று எழுதியிருக்கிறார்கள்!

சிப் டிசைன் செய்கிற பையன்களைக் கேட்டால் சிரிப்பார்கள். 1993-ல் தரப்படுத்தப்பட்ட அவர்களுடைய பட்டியலில் ஒரு கம்பிக்கு ஒன்பது நிலை. 0, 1 தவிர, 'இன்னும் யாரும் மதிப்பே வைக்கவில்லை', 'இரண்டு பேர் எதிரெதிராக இழுக்கிறார்கள்', 'யாருமே இழுக்கவில்லை', 'எதுவாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை'... நம் செக்‌ஷனில் ஒரு ஃபைலுக்கு இருக்கிற நிலைகள் மாதிரியே இல்லை?

★

ஒரு விஷயத்தை இங்கே பிரித்துக்கொள்ளவேண்டும். நடுவில் இருப்பதெல்லாம் ஒரே ஜாதி அல்ல.

முதல் ஜாதி, 'இன்னும் ஆகவில்லை'. ஆர்.ஏ.சி. அந்த ஜாதி. காத்திருந்தால் தெரிந்துவிடும்.

இரண்டாவது, 'பாதி உண்மை'. எங்கள் பக்கம் களத்தில் முந்திரிக்கொட்டையைக் குவித்து வைத்திருப்பார்கள். குவியலிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துவிட்டால் குவியல் குவியலாகத்தானே இருக்கும்? இன்னொன்று எடுங்கள்... இன்னொன்று... கடைசியில் ஒரே ஒரு கொட்டை. அதுவும் குவியலா? எந்தக் கொட்டையை எடுத்தபோது குவியல் 'குவியல் அல்ல' ஆனது? கிரேக்கர்கள் தானியத்தை வைத்துக் கேட்ட கேள்வி இது. இங்கே தெரியாதது எதுவும் இல்லை. கொட்டைகளை எண்ணியே பார்த்துவிடலாம். அப்படியும் கோடு கிழிக்க முடியாது. 1965-ல் பெர்க்லியிலிருந்து லாட்ஃபி ஸாதே, கோடே வேண்டாம், 0-க்கும் 1-க்கும் நடுவில் படிப்படியாக இறங்கட்டும் என்றார். அதுதான் ஃபஸ்ஸி லாஜிக். புனேயில் இன்ஜினீயரிங் படித்த இப்ராஹிம் மம்தானி லண்டனில் அதை வைத்து எழுபதுகளில் ஒரு சின்ன நீராவி இன்ஜினை ஓட்டிக் காட்டினார். 1987-ல் ஜப்பானில் செண்டாய் நகரத்துச் சுரங்க ரயிலுக்கு ஹிட்டாச்சி கம்பெனி இதே முறையில் பிரேக் போடச் சொல்லிக்கொடுத்தது. நின்றுகொண்டு வருகிறவர்கள் தள்ளாடாத பிரேக். அப்புறம் தொண்ணூறுகளில் நம் வீட்டு வாஷிங் மெஷினில்கூட 'ஃபஸ்ஸி லாஜிக்' ஸ்டிக்கர் வந்தது. துணி 'கொஞ்சம் அழுக்கு', 'ரொம்ப அழுக்கு' என்று மெஷினே தீர்மானிக்கும். அம்மாக்கள் அதை நம்பாமல் காலரை மட்டும் கையால் தேய்த்துவிட்டுத்தான் போட்டார்கள் என்பது வேறு விஷயம்.

மூன்றாவது ஜாதி, 'இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்'. நுயெல் பெல்நாப் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1977-ல் எழுதினார்: கம்ப்யூட்டருக்குப் பல பேர் தகவல் கொடுக்கிறார்கள். 'உண்மை என்று சொன்னார்கள்', 'பொய் என்று சொன்னார்கள்', 'இரண்டும் சொன்னார்கள்', 'யாரும் எதுவும் சொல்லவில்லை' - நான்கு பெட்டி வை. (நாகார்ஜுனர் காலத்திலிருந்தே பௌத்தர்கள் வைத்திருக்கும் நான்கு கோடி இதற்கு அண்ணன்.) விளையாட்டில்லை. உத்தரப் பிரதேசம் ஆஸம்கர் மாவட்டத்தில் லால் பிஹாரி என்பவர் 1975-லிருந்து 1994 வரை வருவாய்த் துறைப் பதிவேட்டில் இறந்துபோனவராக இருந்தார். ஆள் எதிரே நிற்கிறார். ஆவணம் 'காலமானார்' என்கிறது. தன்னைப்போலவே கணக்கில் செத்தவர்களைச் சேர்த்து ஒரு சங்கமே ஆரம்பித்தார். பேரோடு 'ம்ருதக்', அதாவது 'காலஞ்சென்ற' என்றும் சேர்த்துக்கொண்டார்.

நான்காவது ஜாதிதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். 'தெரியாது.' விடை எங்கேயோ இருக்கிறது. நம் கையில் இல்லை. 1938-ல் ஸ்டீஃபன் க்ளீனி என்ற கணித அறிஞர் இதற்கு அட்டவணை போட்டார். ஒரு கணக்கை ஓடவிட்டிருக்கிறோம், முடியுமா முடியாதா என்றே சொல்ல முடியவில்லை. அதற்கு மூன்றாவது மதிப்பு.

நான் பி.காம். எங்களுக்கு இதெல்லாம் புதுசு இல்லை. டிரையல் பேலன்ஸ் இடிக்கிறதா? வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போடு. டெபிட்டும் இல்லை கிரெடிட்டும் இல்லை, விசாரணையில் இருக்கிறது என்று அர்த்தம். கடன்காரர்களில் நல்ல கடன், வராக் கடன், நடுவில் ஐயக் கடன். அதற்கென்று தனி ஒதுக்கீடே உண்டு. பாங்க்குக்குப் போனால் ரிஸர்வ் வங்கி நான்கு மதிப்பு கொடுத்திருக்கிறது: ஸ்டாண்டர்ட், ஸப்-ஸ்டாண்டர்ட், டவுட்ஃபுல், லாஸ்.

வக்கீல்கள் எங்களுக்கும் ஒரு படி மேலே. 1872-ம் வருஷத்து இந்திய சாட்சியச் சட்டத்தின் 3-வது பிரிவில் மூன்று சொற்களுக்கு விளக்கம் இருந்தது. நிரூபிக்கப்பட்டது. பொய்யென்று நிரூபிக்கப்பட்டது. நிரூபிக்கப்படாதது, அதாவது முதல் இரண்டும் இல்லாதது. வூகஷேவிச் பிறப்பதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே மூன்று மதிப்பு! 2024 ஜூலை 1-ம் தேதி அந்தச் சட்டம் போய் பாரதிய சாக்ஷிய அதிநியம் வந்தது. அதிலும் இந்த மூன்றையும் விடவில்லை.

இதில் அழகு என்னவென்றால், சட்டம் மூன்று பெட்டி வைத்ததோடு நிற்கவில்லை. கடைசியில் தீர்ப்பு எழுதும்போது விடுதலை, தண்டனை என்று இரண்டுதான். 'நிரூபிக்கப்படாதது' எந்தப் பக்கம் விழவேண்டும்? யார் தலையில் நிரூபிக்கும் சுமை என்று தனி அத்தியாயமே போட்டு வைத்திருக்கிறார்கள். கிரிமினல் கேஸில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. எல்லோருக்கும் தெரிந்த விதி, எழுதி வைத்த விதி, அப்பீலுக்குப் போகக்கூடிய விதி.

★

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். சம்பளப் பட்டியல், ஓட்டர் லிஸ்ட், பாங்க் கணக்கு, ரேஷன் கார்டு என்று நம் வாழ்க்கை பெரும்பாலும் எஸ்.க்யூ.எல். என்ற மொழியில் கேள்வி கேட்கப்படுகிற அட்டவணைகளில் கிடக்கிறது. அதற்கு அடிப்படை போட்டவர் ஐ.பி.எம்.மில் இருந்த டெட் காட், 1970-ல். காலியாக விட்ட கட்டத்துக்கு 'நல்' என்று பெயர். (நல்லது இல்லை, வெறும் நல்.) இந்த நல் வந்தால் சரி, தவறு இரண்டும் இல்லை, மூன்றாவதாக 'தெரியாது' என்று பதில் வரவேண்டும் என்று வைத்தார்கள். உலகத்தில் மிக அதிகமாக உபயோகத்தில் இருக்கிற மூன்று மதிப்பு லாஜிக் இதுவாகத்தான் இருக்கும். உபயோகிக்கிற முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாது!

ஒரு சின்னக் கணக்கு. நூறு பேர் பட்டியல். 'சொந்த வீடு உண்டா?' என்று ஒரு கட்டம். 60 பேர் உண்டு, 30 பேர் இல்லை, 10 பேர் எழுதவில்லை. 'உண்டு என்றவர்களைக் கொடு' என்று கேளுங்கள். 60 வரும். 'உண்டு என்று சொல்லாதவர்களைக் கொடு' என்று கேளுங்கள். 40 வரவேண்டும் இல்லையா? 30 தான் வரும்! எழுதாத பத்துப் பேர் இந்த லிஸ்ட்டிலும் இல்லை, அந்த லிஸ்ட்டிலும் இல்லை. எர்ரர் வராது. பீப் சத்தம் வராது. 60-ம் 30-ம் கூட்டினால் 90 என்று யாராவது ஒரு பி.காம். கவனித்தால்தான் உண்டு.

ஏன்? பட்டியல் கேட்கும் வாக்கியத்தில் 'வேர்' என்று ஒரு வாசல் இருக்கிறது. (மரத்து வேர் இல்லை, 'எங்கே' என்பதற்கான ஆங்கிலம்.) அந்த வாசலில் 'உண்மை'க்கு மட்டும்தான் அனுமதி. 'பொய்'யும் வெளியே, 'தெரியாது'வும் வெளியே. ஆனால் அதே மொழியில் 'செக்' என்று இன்னொரு வாசல் உண்டு. புதுத் தகவலை உள்ளே விடும்போது சோதிக்கிற வாசல். அங்கே 'பொய்'க்கு மட்டும்தான் தடை. 'தெரியாது' ராஜநடை போட்டு உள்ளே போகலாம்! ஆக, காலிக் கட்டத்தோடு ஒரு பெயர் பட்டியலுக்குள் சுலபமாக நுழைந்துவிடும். அப்புறம் எந்தச் சலுகை லிஸ்ட்டிலும் வெளியே வராது. பெயரைச் சேர்க்கும்போது கேள்வி இல்லை, கொடுக்கும்போது மட்டும் கேள்வி.

காட் பிற்பாடு 1990-ல், ஒரே நல் போதாது, இரண்டு வேண்டும் என்றார். 'கணவர் பெயர்' கட்டம் காலியாக இருக்கிறது. கல்யாணம் ஆகவில்லையா, ஆகி எழுத மறந்தார்களா? முதலாவது 'பொருந்தாது', இரண்டாவது 'தெரியாது'. இரண்டும் ஒரே வெள்ளைக் கட்டம். அவருடைய பழைய சகா கிறிஸ் டேட், நல்லே வேண்டாம், தூக்கி எறி என்று சண்டை போட்டார். எஸ்.க்யூ.எல். மொழி இருவரையும் கேட்காமல் ஒற்றை நல்லோடு ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த வெள்ளைக் கட்டத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

2017 செப்டம்பரில் ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். அந்தக் குடும்பத்து ரேஷன் கார்டு ஆதாரோடு இணைக்கப்படவில்லை என்று ரத்தாகியிருந்தது. பட்டினி என்றார் தாயார். மலேரியா என்றது அரசாங்கம். எது எப்படியானாலும் கார்டு ரத்தானது நிஜம். 'ஆதார் எண்: காலி' என்பதை 'இப்படி ஒரு குடும்பமே இல்லை' என்று வாசித்திருக்கிறார்கள். தெரியாது என்பது இல்லை என்றாகிவிட்டது.

எங்கள் பக்கமே வருகிறேன். செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் முந்திரி முக்கியமான பயிர். கொட்டையை உடைத்தால் ஓட்டுக்குள்ளிருந்து ஒரு பழுப்புப் பால் கசியும். பட்ட இடம் வெந்துபோகும். சாம்பலைத் தொட்டுக்கொண்டோ எண்ணெய் தடவிக்கொண்டோ உடைப்பார்கள். எத்தனை தடவினாலும் வருஷக்கணக்கில் உடைத்த கையில் தோல் உரிந்து உரிந்து விரல்நுனி வழவழவென்று ஆகிவிடும். ரேகை சாஸ்திரக்காரர் கையைப் பார்த்துவிட்டுக் காசு வாங்காமல் எழுந்து போய்விடுவார்.

அந்தக் கையோடு ஓர் ஆயா ரேஷன் கடைக்கு வருகிறது. தமிழ்நாட்டில் 2020 அக்டோபரிலிருந்து ரேஷன் கடையில் விரல் வைக்கவேண்டும். கட்டைவிரல் வைக்கிறது. சிவப்பு. துடைத்துவிட்டு வைக்கிறது. சிவப்பு. 'தலையில தேச்சுட்டு வை ஆயா' என்கிறார் க்யூவில் நிற்கிற தம்பி. (தலை எண்ணெய் பட்டால் ரேகை விழும் என்பது பரவலான நம்பிக்கை.) சிவப்பு.

மெஷின் என்ன சொல்கிறது? ஆதார் சர்வரிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். 'இந்த ரேகை இந்த எண்ணுக்கு உரியவருடையதா?' சர்வர் ஒரே ஓர் எழுத்தில் பதில் சொல்லும்: ஒய் அல்லது என். ஆம் அல்லது இல்லை. மூன்றாவது எழுத்து கிடையாது. ஆனால் 'ரேகை பொருந்தவில்லை' என்பதற்கு இரண்டு அர்த்தம் இருக்கிறதே! இந்த ஆயா வேறு ஆள் என்பது ஒன்று. ஆயா அதே ஆயாதான், விரலில் படிக்க எதுவும் இல்லை என்பது மற்றது. முதலாவது பொய். இரண்டாவது 'தெரியாது'. இரண்டுக்கும் அதே என்.

நியாயமாகச் சொல்லவேண்டும். என் என்று சொல்லும்போது கூடவே ஒரு காரண எண்ணும் வரும். ரேகை பொருந்தாவிட்டால் 300. வேறு காரணங்களுக்கு வேறு எண்கள். அதாவது, சர்வரின் வாய் இரண்டு மதிப்பு பேசினாலும், கையில் நீளமாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஆனால் கவுன்ட்டரில் நிற்கிற ஆயாவுக்கு 300 என்ன, 301 என்ன? தெரிவது சிவப்பு விளக்கு. க்யூவில் பின்னால் நிற்கிறவர்களுக்குத் தெரிவது, ஆயா ஏதோ தில்லுமுல்லு செய்கிறது என்கிற மாதிரி ஒரு சந்தேகம். கோர்ட்டில் சந்தேகத்தின் பலன் குற்றவாளிக் கூண்டில் இருப்பவருக்கு. இங்கே அரிசி வாங்க வந்தவருக்கு அந்தச் சலுகைகூட இல்லையென்றால் என்ன நியாயம்?

டெல்லியில் யோசிக்காமல் இல்லை. சிம்டேகா சம்பவம் வெளியே வந்தபின், 2017 அக்டோபரில் மத்திய உணவுத் துறையும் ஆதார் ஆணையமும் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதின. ஆதார் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பெயரை நீக்காதே, ரேகை விழவில்லை, நெட்வொர்க் இல்லை என்று பொருளை மறுக்காதே, கார்டைப் பார்த்துக் கொடுத்துவிட்டுத் தனிப் பதிவேட்டில் எழுதிக்கொள் என்று. இங்கேயும் ஓ.டி.பி. இருக்கிறது, கருவிழி பார்க்கும் கருவி வந்த கடைகள் இருக்கின்றன. ஓ.டி.பி. போகிற செல்போன் திருப்பூரில் வேலை பார்க்கும் பேரன் கையில் இருக்கும், அவன் ஷிஃப்ட்டில் இருப்பான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக மூன்றாவது பெட்டி கடைசியில் ஒரு நோட்டுப் புத்தகமாக வந்து சேர்ந்திருக்கிறது. கடைக்காரர் அதை மேஜை டிராயரிலிருந்து எடுக்கிறாரா, 'சர்வர் இல்லை, நாளைக்கு வா' என்கிறாரா என்பதில் இருக்கிறது ஆயாவின் மதிப்பு ½-ஆ, 0-வா என்பது. எடுத்தார் என்றே வைத்துக்கொள்வோம். தேதி, கார்டு நம்பர், பெயர், காரணம்: 'விரல் ரேகை விழவில்லை'. கடைசிக் கட்டத்தில் பொருள் பெற்றவர் கையெழுத்து.

ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஸ்டாம்ப் பேடைத் திறந்து, 'கைநாட்டு வை ஆயா' என்கிறார் கடைக்காரர்.